பக்கத்துக் கல்லூரியா, சென்னையா? மகள் படிப்பு விஷயம், யோசனை சொல்லுங்கள்

ஆலங்குளத்து அப்பா | ஜூன் 20, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இப்போது நானே கேட்கவேண்டி வந்துவிட்டது.

என் மூத்த மகள் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பொறியியல் கட் ஆஃப் 200க்கு 188, பி.சி. பிரிவு. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் டிகிரி வாங்கியதில்லை. ஆலங்குளத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்கள் ஊர். எனக்குச் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. வீட்டுக்காரி பீடி சுற்றுகிறாள். சின்ன மகள் ஒன்பதாவது.

இரண்டு யோசனை. ஒன்று, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் இசிஇ (மின்னணு, தொலைத்தொடர்புப் பொறியியல்). வீட்டிலிருந்தே போய்வரலாம். இன்னொன்று, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரி. அங்கே இசிஇ எல்லாம் எங்களுக்கு எட்டாது. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்று ஒரு பிரிவு இருக்கிறதாம். கிடைத்தாலும் கிடைக்கும் என்கிறார் பள்ளியில் ஒரு சார். “கிண்டி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள்” என்பது அவர் கட்சி.

என் மனசு நெல்லை என்கிறது. பிள்ளை கண் முன்னால் இருக்கும், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும், செலவும் குறைவு. ஆனால் நாளைக்கு ‘கிண்டி கிடைத்தும் அப்பா விடவில்லை’ என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது. மகளிடம் கேட்டால் “நீங்க சொல்றதுதான்ப்பா” என்கிறாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

சும்மா ஒருத்தன் | ஜூன் 20, இரவு 10.52

பொம்பளைப் பிள்ளை. பக்கத்திலேயே போடுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கிண்டி விடுதிக்காரி | ஜூன் 20, இரவு 11.35

அண்ணாச்சி, நான் சங்கரன்கோவில். 2005இல் கிண்டியில் சேர்ந்தவள். பிரிண்டிங் டெக்னாலஜி. ஊரில் எல்லோரும் “பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை அடிக்கவா நாலு வருஷம்?” என்று கேட்டார்கள். இப்போது பதினைந்து வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். பத்திரிகை அடிக்கத் தெரியாது.

முதல் ஒரு மாதம் தினமும் அழுதேன். அதை மறைக்கவில்லை. பொதிகையில் எழும்பூரில் வந்து இறங்கிய அன்று அப்பா என்னை விடுதியில் விட்டுவிட்டு அன்று மாலையே திரும்பிவிட்டார். அவர் போன திசையைக்கூட எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது, அப்படி ஒரு ஊர். ஆனால் இரண்டாவது செமஸ்டரில், லீவுக்கு ஊருக்கு வந்தால் நாலாவது நாளே விடுதி ஞாபகம் வந்துவிடும்.

அங்கே நான் கற்றது பாதிதான் வகுப்பில். மீதி விடுதியில். என் அறையில் ஒருத்தி தர்மபுரி, ஒருத்தி நாகப்பட்டினம், ஒருத்தி சென்னையிலேயே பெரிய பள்ளியில் படித்தவள். அவள் ஆங்கிலத்தைக் கேட்டு முதலில் வாயையே திறக்க மாட்டேன். நாலாவது வருடம் கேம்பஸ் நேர்காணலுக்கு அவள்தான் எனக்குக் கேள்வி கேட்டுப் பழக்கினாள், இரவு ஒரு மணி வரை. மேல்வகுப்பு அக்காக்கள், பழைய கேள்வித்தாள், யார் எந்தக் கம்பெனிக்குப் போனார்கள் என்கிற தகவல், எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஊரில் இருந்திருந்தால் இப்படி ஒன்று உண்டு என்பதே தெரிந்திருக்காது.

அப்புறம் அந்த ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பிரிவு. செயற்கைக்கோள் படம், வரைபடம், நில அளவை, அதோடு கொஞ்சம் கம்ப்யூட்டர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கிண்டி கல்லூரியே 1794இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது. அந்தக் கணக்கில் பார்த்தால் இதுதான் அந்தக் கல்லூரியின் குலத்தொழில்.

அனுப்புங்கள் அண்ணாச்சி.

மூணு பஸ் | ஜூன் 21, காலை 6.20

பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன், இப்போது வேலைக்குப் போகிறேன். ஆனால் நான் சொல்லப்போவது பழைய கதை.

நான் படித்தது ‘பக்கத்துக்’ கல்லூரியில். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். வீட்டிலிருந்து 48 கிலோமீட்டர். எங்கள் வீட்டில் அதைத் தூரமாகவே நினைக்கவில்லை. “சாயங்காலம் வந்துடலாம்ல” என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது.

காலை ஐந்தேகாலுக்கு எழவேண்டும். ஆறு மணி மினி பஸ். அதை விட்டால் அடுத்தது ஏழேகால், அதில் போனால் முதல் பீரியட் போச்சு. மினி பஸ்ஸில் இறங்கி மொஃபசல் பஸ், அதில் இறங்கி டவுன் பஸ். நின்றுகொண்டேதான், தோளில் படம் வரையும் டிராஃப்டர் வேறு. மாலை நாலரைக்கு லேப் முடியும். ஊர் மினி பஸ்ஸின் கடைசி டிரிப் ஏழு நாற்பது. அதைப் பிடிப்பதற்காகவே என் நாலு வருடமும் ஓடியது.

போக வர ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம். வாரத்துக்கு இருபத்திரண்டரை. அதாவது வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு பகலும் ஒரு இரவும் சேர்ந்த முழு நாளை பஸ்ஸுக்குக் கொடுத்தேன். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது மூன்றாம் வருடத்தில், ஒரு பஸ் ஸ்ட்ரைக் அன்று.

ஐந்து மணிக்கு மேல் நடந்த எதுவும் எனக்கு இல்லை. பிளேஸ்மென்ட் பயிற்சி ஐந்தரைக்கு. நண்பர்கள் சேர்ந்து புராஜெக்ட் செய்தது விடுதியில், இரவில். என் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள், நல்ல பையன்கள். ஆனால் நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்டபோது விழித்தது நான்தான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உட்கார்ந்தால் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுவேன். அம்மா லைட்டை அணைப்பாள். “பிள்ளை கஷ்டப்பட்டுப் படிக்குது” என்று பக்கத்து வீட்டில் பெருமை வேறு.

எனக்கு அரியர் எதுவும் இல்லை. வேலையும் கிடைத்தது, ரெண்டு வருடம் கழித்து. அதனால் அழுது புலம்பும் அளவுக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் கண் முன்னால் இருந்தேன் என்று அப்பா இன்றைக்கும் சொல்லும்போது சிரிப்புதான் வருகிறது. காலையில் தூக்கக் கண்ணோடும் இரவில் தூக்கக் கண்ணோடும்தான் அவர் என்னைப் பார்த்தார்.

உங்கள் ஊரிலிருந்து அந்தக் கல்லூரி வாசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள். எத்தனை மணி நேரம் என்று பாருங்கள்.

கணக்கு வாத்தியார் | ஜூன் 21, காலை 9.05

மேலே சொன்னது நூற்றுக்கு நூறு. முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளை அனுப்பிய அனுபவத்தில் சொல்கிறேன்.

உணர்ச்சியெல்லாம் மற்றவர்கள் பேசட்டும். நான் பொறியியல் சேர்க்கைக் கவுன்சலிங் நடைமுறை பற்றி மட்டும். பலர் தப்பு செய்யும் இடம் அது.

விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். ஆனால் வரிசைதான் உயிர். ரேங்க் வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, இடம் இருக்கிற முதல் வரியை ஒதுக்கிவிடுவார்கள். கிண்டியை ஒன்றாவதாகவும் நெல்லையை இரண்டாவதாகவும் போட்டு, கிண்டி ஒதுக்கீடாகிவிட்டால், அதன் பிறகு ‘இல்லை, நெல்லையே கொடுங்கள்’ என்று கேட்க முடியாது. ‘ஏற்றுக்கொண்டு, மேலே கிடைத்தால் மாறுகிறேன்’ என்று ஒரு வாய்ப்பு உண்டு. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், மேலே மட்டும்தான். அந்தச் சுற்றில் கீழே இறங்க வழி கிடையாது. ஆகவே ‘கிடைத்தால் அப்புறம் யோசிக்கலாம்’ என்று எதையும் மேலே வைக்காதீர்கள். சண்டை, சமாதானம், அழுகை எல்லாவற்றையும் பட்டியலைப் பூட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அடுத்து பணம். உங்கள் மகள் எந்தப் பள்ளி? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா?

ஆலங்குளத்து அப்பா | ஜூன் 21, மதியம் 2.30

ஐயா, அரசுப் பள்ளி இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசு உதவிபெறும் பள்ளி, தமிழ் வழி. அதனால் அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு எங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறு எதுவும் கிடைக்காது என்றுதான் விட்டுவிட்டோம்.

மூணு பஸ் தம்பி எழுதியதைக் கடையில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். எங்கள் ஊரிலிருந்தும் மூன்று பஸ்தான்.

கணக்கு வாத்தியார் | ஜூன் 21, மாலை 4.10

விட்டுவிடக் கூடாது. 7.5 சதவீதம் அரசுப் பள்ளிக்கு மட்டும்தான், அது சரி. ஆனால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் 2024இலிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் உண்டு. கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்கேயே விண்ணப்பம் வாங்குவார்கள்.

முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையத்தில் இன்றே போட்டுவிடுங்கள். கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான், மூத்தவளுக்கு வாங்கினால் சின்னவளுக்குக் கிடையாது. அதையும் மனதில் வையுங்கள்.

உங்கள் மனைவிக்குப் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா? இருந்தால் அவர்கள் பிள்ளைகள் படிப்புக்கு மத்திய தொழிலாளர் நலத் துறை உதவித்தொகை தருகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும். உங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள், அதில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

நாஞ்சில் மதினி | ஜூன் 21, இரவு 9.48

எல்லோரும் வேலை, கம்பெனி என்றே பேசுகிறீர்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன்.

என் மகள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் இருந்தாள். இரண்டாம் வருடம் ஒரு நாள் இரவு பதினொன்றரைக்கு அவள் அறைத்தோழி போன் பண்ணினாள். “ஆன்ட்டி, பயப்படாதீங்க” என்று தொடங்கினாள். அப்படித் தொடங்கினால் பயப்படாமல் என்ன செய்வது? மூன்று நாளாகக் காய்ச்சலாம், என்னிடம் சொல்லவே இல்லை. டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இவள் அப்பா அப்போது மஸ்கட்டில். நான் தனியாக நாகர்கோவிலில் பஸ் ஏறி மறுநாள் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த இரவை நான் எழுதப்போவதில்லை.

போய்ப் பார்த்தால் மூன்று பிள்ளைகள் முறை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி கஞ்சி வாங்கி வந்திருக்கிறாள். வார்டன் வந்து எட்டிப் பார்த்ததோடு சரி. பிள்ளைகள்தான் பார்த்துக்கொண்டார்கள்.

அனுப்பாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது மகளையும் வெளியூரில்தான் போட்டேன். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி போன் வந்தால் விடிவதற்குள் யார் போய் நிற்பது? சென்னையில் உங்களுக்கு ஆள் உண்டா? சித்தப்பா பெரியப்பா யாராவது? இல்லாவிட்டால் சென்னையும் அமெரிக்காவும் அன்றைக்கு ஒன்றுதான்.

சும்மா ஒருத்தன் | ஜூன் 21, இரவு 10.15

இதைத்தான் நானும் சொன்னேன். பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு ராத்திரி தூக்கம் வருமா? நாளைக்கு எவனையாவது கூட்டிக்கொண்டு வந்து நின்றால்?

கிண்டி விடுதிக்காரி | ஜூன் 21, இரவு 10.31

மதினி சொன்னது காய்ச்சல். நீங்கள் சொல்வது வேறு. ரெண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டாதீர்கள். காதலிப்பதற்குச் சென்னை வரை டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டே போதும்.

நெறியாளர் | ஜூன் 21, இரவு 10.50

அந்தப் பேச்சு இத்தோடு போதும். இதற்குமேல் வந்த ஆறு பதில்களை நீக்கியிருக்கிறேன்.

ஆள் எடுக்கிறவன் | ஜூன் 22, காலை 11.20

சென்னையில் ஒரு நிறுவனத்துக்காகக் கல்லூரிகளுக்குப் போய் ஆள் எடுக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்றிரண்டு விஷயம்.

கல்லூரியின் பெயர் முதல் வேலைக்கு உதவும். பொய் சொல்ல வேண்டியதில்லை. கிண்டி போன்ற இடத்துக்குக் கம்பெனிகள் தாமாகத் தேடி வரும், மாவட்ட அரசுக் கல்லூரிக்கு அந்த அளவு வராது, பல நேரம் பிள்ளைகள்தான் வேறு ஊருக்கு வந்து தேர்வு எழுதவேண்டும். இரண்டாவது வேலைக்கு யாரும் கல்லூரியைக் கேட்பதில்லை.

ஆனால் இசிஇ படித்தவளுக்குச் சில கதவுகள் நேராகத் திறக்கும், சிப் வடிவமைப்பு, தொலைத்தொடர்பு, மின்வாரியத் தேர்வு மாதிரி. வேறு பிரிவு படித்துவிட்டு அங்கே நுழைவது கஷ்டம். மென்பொருள்தான் என்றால் எந்தப் பிரிவானாலும் ஒன்றுதான். ஆகவே பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. இத்தனை பதிவில் அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பேராதனைப் பழசு | ஜூன் 22, மாலை 6.05

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சின்னக் குறுக்கீடு. இங்கே நாங்களும் விருப்ப ஒழுங்கு எழுதித்தான் கொடுக்கிறது, ஆனால் பரீட்சைக்குக் கிடைக்கும் இஸட் புள்ளியும் மாவட்ட வெட்டுப்புள்ளியும் (கட் ஆஃப்) எங்கே தூக்கிப் போடுகிறதோ அங்கே போகவேண்டியதுதான். இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. எங்கட காலத்தில் அது இல்லை. எனக்குப் பேராதனை. வீட்டிலிருந்து முந்நூறு கிலோமீட்டர், பாதையெல்லாம் சோதனைச்சாவடி, போய் இறங்கினால் கடையில் பாண் வாங்குவதற்கும் சிங்களம் வேண்டும். ஒரு வருடம் கையைக் காட்டித்தான் சாமான் வாங்கினேன்.

அண்ணை, சென்னையில் உங்கட பிள்ளைக்குப் பாஷையாவது இருக்கிறது. இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளுங்கோ, அறிவுரையாக இல்லை.

ஆலங்குளத்து அப்பா | ஜூன் 23, இரவு 9.15

இன்றைக்குக் கடையை வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு நானே போய்ப் பார்த்தேன். மகள் போகவேண்டிய அதே நேரத்துக்கு.

காலை ஆறு நாற்பதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஆலங்குளத்தில் தென்காசி பஸ் இரண்டு நிற்காமல் போய்விட்டது, மூன்றாவதில் படியில் நின்று போனேன். நெல்லை டவுனில் நெரிசல். புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து இன்னொன்று. கல்லூரி வாசலில் நிற்கும்போது ஒன்பதுக்கு ஐந்து நிமிடம். வாட்ச்மேன் “யாரைப் பார்க்கணும்?” என்றார். “யாரையும் இல்லை, நேரம் பார்க்க வந்தேன்” என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

எனக்கு 47 வயது. ஒரு நாளைக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் அதை நாலு வருடம் செய்வாள் என்று நானாக முடிவு பண்ணியிருந்தேன். மகளிர் இலவசம் என்பதுகூட அந்தச் சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும்தான், நடுவில் வரும் நீளமான பயணத்துக்குக் காசு.

மதினி கேட்டதற்குப் பதில்: சென்னையில் எங்களுக்கு ஆள் கிடையாது. வீட்டுக்காரியின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் ஆவடியில் இருக்கிறார், பேச்சுவார்த்தை இல்லை.

வீட்டுக்காரிக்கு அட்டை இருக்கிறது ஐயா. ட்ரங்குப் பெட்டியில் இருந்தது, எடுத்துவிட்டோம்.

மூணு பஸ் | ஜூன் 23, இரவு 9.40

அண்ணாச்சி, போய்ப் பார்த்தீர்கள் பாருங்கள், அதற்கே ஒரு கும்பிடு. எங்கள் அப்பா என் கல்லூரி வாசலைப் பார்த்ததே பட்டமளிப்பு அன்றுதான்.

கிண்டி விடுதிக்காரி | ஜூன் 23, இரவு 10.05

ஆள் இல்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம், நான் இருக்கிறேன். தனிச்செய்தியில் என் எண் அனுப்புகிறேன். ஊருக்கு வருவதும் இப்போது எங்கள் காலம் மாதிரி இல்லை. 2023இலிருந்து நெல்லைக்கு வந்தே பாரத் ஓடுகிறது, கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். டிக்கெட் விலைதான் மாணவர்களுக்குக் கட்டாது. தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் அறுபது நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்குக் கையில் போனோடு உட்காரவேண்டும். எட்டு ஐந்துக்கு உட்கார்ந்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான். அதுவும் ஒரு படிப்பு.

இரண்டாம் வரிசை | ஜூன் 25, மதியம் 1.12

வணக்கம். புதுக் கணக்கு தொடங்கி எழுதுகிறேன். இந்த இழையைத் தொடங்கியவரின் மகள் நான்.

அப்பா சாப்பிடப் போகும்போது போனைக் கடையில் வைத்துவிட்டுப் போனார். இது திறந்தே இருந்தது. முதலில் இருந்து எல்லாவற்றையும் படித்தேன். அப்பா இதைப் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

அப்பா பஸ்ஸில் போய்ப் பார்த்தது எனக்குத் தெரியாது. நெல்லையில் சரக்கு எடுக்கப் போனதாகத்தான் சொன்னார். திரும்பி வந்தபோது கையில் சரக்கு இல்லை. அப்போதே கேட்டிருக்கலாம்.

எனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். உண்மையைச் சொன்னால் இசிஇ என் உயிர் என்றெல்லாம் இல்லை. இயற்பியலில் மின்னணுவியல் பாடம் பிடித்தது, அவ்வளவுதான். ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்றால் என்ன என்று யூடியூபில் பார்த்தேன், அதுவும் பிடித்தது. எது கிடைத்தாலும் படித்துவிடுவேன். பாடம் எனக்குப் பெரிய விஷயம் இல்லை.

வீட்டிலிருந்து போய்வருவதுதான் எனக்கு வேண்டாம். பஸ்ஸுக்காக மட்டும் இல்லை.

நான் ஆறாம் வகுப்பிலிருந்து அம்மாவுக்கு பீடி நுனி மடக்கிக் கொடுக்கிறேன். அம்மா ஒருநாளும் “வா” என்று கூப்பிட்டதில்லை. ஆயிரம் பீடி முடியவில்லை என்றால் அம்மா ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்திருப்பாள், அதைப் பார்த்துக்கொண்டு என்னால் புத்தகத்தை விரிக்க முடியாது. பீடி சுற்றும் சொளவின் (முறத்தின்) அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன். பிளஸ் டூ பரீட்சை நேரத்தில்கூட அப்படித்தான். வீட்டில் இருக்கிற வரைக்கும் அதை என்னால் விட முடியாது.

அப்படியென்றால் சென்னைக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். கிண்டி அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் எழுந்து போனால் அந்த இடத்தில் தங்கச்சி உட்காருவாள். அவளையும் யாரும் கூப்பிட மாட்டார்கள். அவளாகவே உட்காருவாள். அவள் என்னைவிட நன்றாகப் படிப்பாள். நான் நெல்லையில் விடுதியில் இருந்தால் சனிக்கிழமை வந்து, சனி ஞாயிறு அந்த வேலையை நான் பார்த்துவிட்டு, அவளைப் படிக்கச் சொல்வேன். சென்னையிலிருந்து அது முடியாது.

நெல்லை விடுதி என்று ஒன்று இருப்பதை அப்பா யோசிக்கவே இல்லை. முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு யாராவது விடுதியில் போடுவார்களா என்று அத்தையிடம் சிரித்தது எனக்குக் கேட்டது. அதனால்தான் “நீங்க சொல்றதுதான்ப்பா” என்றேன்.

நாஞ்சில் மதினி | ஜூன் 25, மதியம் 1.50

இங்கே வா மக்ளே. உனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

கணக்கு வாத்தியார் | ஜூன் 25, மாலை 5.30

அம்மா, விடுதியில் இடம் கொடுப்பது அந்தந்தக் கல்லூரியின் கையில் இருக்கிறது. தூரத்துப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்துவிட்டு மீதியைத்தான் பக்கத்து ஊருக்குக் கொடுக்கும் இடங்களும் உண்டு. நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். விண்ணப்பத்தில் பஸ் விவரத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். அதற்கான ஆதாரத்தை உங்கள் அப்பா ஏற்கெனவே இடுப்பு வலியோடு சேகரித்து வைத்திருக்கிறார்.

சும்மா ஒருத்தன் | ஜூன் 25, இரவு 8.44

என் அம்மாவும் பீடிதான். நல்லா படி தங்கச்சி.

மூணு பஸ் | ஜூலை 4, காலை 6.25

அண்ணாச்சியைக் காணோமே? எல்லாம் நலமா?

ஆலங்குளத்து அப்பா | ஜூலை 27, இரவு 10.20

மன்னிக்கவேண்டும். எழுத உட்கார்ந்தேன், ரெண்டு மூன்று தடவை அழித்துவிட்டேன்.

மகள் எழுதியதைக் கடையில் வைத்துப் படித்தேன். அப்போது ஒரு பாட்டி அரைக் கிலோ சீனி கேட்டு நின்றார், ஒரு கிலோ நிறுத்துக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கம்பெனியில் போய் இனிமேல் அறுநூறுக்குத்தான் இலை வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. கடையைக் காலையில் ஒரு மணி நேரம் முன்னால் திறக்கிறேன், பால் பாக்கெட் போட ஆரம்பித்திருக்கிறேன்.

பட்டியலை மகளே வரிசைப்படுத்தினாள். நெல்லை இசிஇ முதலில், கிண்டி இரண்டாவது. “கிண்டிய மேல போடுத்தா, அம்மாவும் நானும் பாத்துக்கிடுதோம்” என்றுகூடச் சொன்னேன். “சின்னவ பிளஸ் டூ முடிக்கட்டும், அவள அனுப்புங்க” என்றாள். முதல் சுற்றிலேயே நெல்லை வந்துவிட்டது. கிண்டி அக்காவுக்கு வருத்தமாக இருக்கும். நம்பர் பத்திரமாக இருக்கிறது, நாலு வருடம் கழித்துக் கூப்பிடுவேன்.

விடுதிக்கு விண்ணப்பம் கொடுத்தோம். முதலில் “ஆலங்குளம்தானே, பஸ் இருக்கே” என்றார்கள். பஸ் நேரத்தை எழுதிக் கொண்டு போயிருந்தேன், காட்டினேன். நேற்றுக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். மெஸ் டிவைடிங் சிஸ்டமாம், மொத்தச் செலவைப் பிள்ளைகளுக்குள் வகுப்பார்களாம், மாதா மாதம் பில் கூடக் குறைய வருமாம். வியாழக்கிழமை கொண்டுபோய் விடுகிறோம்.

ஒரே ஒரு சந்தேகம். பூட்டு, பாய், தலையணை, தட்டு, டம்ளர் எல்லாம் வாங்கியாயிற்று. வாளி அங்கேயே கொடுப்பார்களா, நாம் வாங்க வேண்டுமா?

கிண்டி விடுதிக்காரி | ஜூலை 27, இரவு 10.38

கொஞ்சம் வருத்தம்தான். சின்னவளுக்கு இப்போதே இடம் பிடித்து வைக்கிறேன்.

வாளி வாங்குங்கள் அண்ணாச்சி. கொடுக்க மாட்டார்கள். மூடி போட்டதாக வாங்குங்கள், தண்ணீர் வராத நாளுக்குப் பிடித்து வைக்க உதவும். பெயரை பெயின்டில் எழுதுங்கள், ஸ்கெட்ச் பேனா ஒரு வாரத்தில் அழிந்துவிடும்.

மூணு பஸ் | ஜூலை 28, காலை 6.18

பூட்டு ஒன்று போதாது. ரெண்டு வாங்குங்கள்.